ஒன்பதாம் பக்கம் போய் உட்கார்ந்த இடம்

நம் ஸ்கேனிங் சென்டரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் சுவரில் மாட்டியிருக்கும் அட்டையைப் பற்றிக் கேட்டார்களாம். மூன்று வரி அழகாக அச்சில் இருக்கிறது, நான்காவது வரி மட்டும் நீல மார்க்கரில் கோணல்மாணலாக இருக்கிறதே, யார் கிறுக்கியது என்று. கிறுக்கியது நான்தான். அச்சில் இருக்கும் மூன்று வரியும் என்னுடையவையே. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் நான் இந்தக் கதையைச் சொல்லாமல் விட்டால் நீங்களாக ஒன்று கட்டிவிடுவீர்கள். உங்கள் கற்பனை வளம் எனக்குத் தெரியும். நீங்கள் ஃபைலுக்கு வைக்கும் பெயர்களைப் பார்த்திருக்கிறேன்: 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஒரிஜினல் ஃபைனல்', 'இதுதான் ஃபைனல்'. பெற்ற பிள்ளைக்கு இப்படிப் பெயர் வைப்பீர்களா?

வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். கள்ளக்குறிச்சியில் நாம் இருப்பது கீழ்த்தளம். மாடியில் நில விசாரணை நடக்கும் அலுவலகம் ஒன்று அப்போது இருந்தது. அங்கே வரும் மனுக்கட்டுகளை நாங்கள் வாங்கி, ஊசியைப் பிரித்து, மூலையில் பென்சிலால் பக்க எண் போட்டு, ஸ்கேன் செய்து, எல்லாப் பக்கங்களையும் ஒரே ஃபைலாகச் சேர்த்து மேலே அனுப்புவோம். அசல் காகிதத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவோம். அடுத்தவர் காகிதம் என்பதால் பென்சிலை அழுத்த மாட்டோம். அந்த மரியாதையின் விளைவு, ஸ்கேனில் அந்த எண் விழவே விழாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

என் அட்டைக்கு வருகிறேன். சேர்த்த ஃபைலை அனுப்பும் முன் மூன்றைப் பார்க்க வேண்டும்: முதல் பக்கம், கடைசிப் பக்கம், மொத்த எண்ணிக்கை. சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குவோமே, அப்படி. 'மூன்று தட்டு' என்று நானே அதற்குப் பெயரும் வைத்தேன். அட்டையை அச்சடித்து, லேமினேஷன் போட்டு, வருகிறவர்கள் கண்ணில் படுகிற உயரத்தில் மாட்டினேன். எங்கள் முதலாளி ஒருமுறை அதைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார். அன்று வீட்டுக்குப் போனதும் என் கணவரிடம் இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை சொல்ல வாயெடுத்தபோது அவர் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார்.

ஒரு வாரம் எங்கள் பழைய ஸ்கேனர் படுத்துவிட்டது. அதற்குப் பதிலாகப் புது மெஷின் ஒன்று வந்தது. வேகமென்றால் அப்படி ஒரு வேகம். பழையது ஒரு பக்கம் விழுங்குவதற்குள் இது ஐந்து பக்கம் துப்பியது. எல்லோரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம். ஒரே ஒரு விஷயத்தை யாரும் பார்க்கவில்லை. பழைய மெஷின் பக்கங்களுக்கு 001, 002 என்று முன்னால் பூஜ்யம் போட்டுப் பெயர் வைக்கும். புதியது scan1, scan2 என்று வெறுமனே வைத்தது. இத்தனை வருஷமாக அந்தப் பூஜ்யங்களை யார் போடுகிறார்கள், எதற்குப் போடுகிறார்கள் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. வீட்டில் யாரோ தினமும் குடத்தை நிரப்பி வைத்தால் நாம் கேட்போமா? குடிப்போம், போவோம்.

புது மெஷினில் முதலில் ஏறிய கட்டு சின்னப்பொண்ணு என்கிற அம்மாவுடையது. மலைமேல் கரியாலூரைத் தாண்டி உள்ளே ஒரு சிற்றூர். சாமையும் மரவள்ளியும் போடுகிற நிலம், மாமனார் காலத்திலிருந்து அவர்கள் உழுவது, அதற்குப் பட்டா கேட்டு மனு. தொண்ணூற்றாறு பக்கம். அன்று மற்றவை எல்லாம் நாலு பக்கம், ஆறு பக்கம் உள்ள சில்லறை மனுக்கள். பக்கங்களைச் சேர்க்கும் கட்டளையை நான்தான் தட்டினேன். மூன்று தட்டும் தட்டினேன். முதல் பக்கம் மனு, சரி. கடைசிப் பக்கம் நில வரைபடம், சரி. மொத்தம் தொண்ணூற்றாறு, சரி. மேலே அனுப்பிவிட்டுக் காபி குடிக்கப் போனேன்.

இரண்டு நாள் கழித்து மதியம் ஒரு மணி வாக்கில் சின்னப்பொண்ணு எங்கள் கவுண்டருக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் மஞ்சள் பை. முகத்தில் ஒரு சிரிப்பு, அதைப் பார்த்து வேலை முடிந்த சந்தோஷம் என்று நினைத்தேன்.

"மேடம், என் கட்டைக் குடுத்துட்டீங்கன்னா நான் போய்க்கினே இருப்பேன். நாலு மணி பஸ்ஸ வுட்டா மலைக்கு வேற வண்டி கெடையாது."

"விசாரணை முடிஞ்சிடுச்சாம்மா? இன்னா சொன்னாங்க?"

"தள்ளுபடியாம். ஏற்கெனவே தள்ளுபடி ஆனதுக்கு ஏன் திரும்ப வந்தன்னு கிளார்க்கு கேக்கறாரு. மூணு மணிக்குப் பெரியவரு லிஸ்ட்டுல கையெழுத்துப் போட்டுருவாராம். அதுக்கப்பறம் நான் மொதல்லருந்து ஆரம்பிக்கணுமாம்." சிரிப்பு இன்னும் போகவில்லை. "மொதல்லருந்துன்னா எப்பிடி மேடம்? நான் திரும்பவும் கல்யாணம் கட்டிக்கினு மலைக்கு வரணுமா?"

நான் சிரித்துவிட்டேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். அந்த அம்மா சிரித்தது அழாமல் இருக்க என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து கவுண்டரில் வைத்தார். மேலே கிளார்க் காரணம் காட்டுவதற்காக அச்செடுத்துக் கொடுத்த பக்கம். பாதியில் தொடங்கும் ஒரு பக்கம், 'மேற்கண்ட காரணங்களால் மனு நிராகரிக்கப்படுகிறது' என்று முடிந்து, கீழே கையெழுத்து. தேதி இல்லை. ஓரத்தில் கறுப்பாக ஒரு கறையும் அச்சில் விழுந்திருந்தது.

"இந்தக் கறை பலாப் பிசினு. என் கையிலருந்து ஒட்டினது. இது எங்க வூட்டுக்காரரு இருக்கச்சொல்லோ வந்த காயிதம், ரொம்பப் பழசு. அவரு போனப்பறம் நான் வேற மனு குடுத்து, ஆபீசருங்க வந்து நிலத்த அளந்து, எல்லாம் சரின்னு எழுதிக்கினு போனாங்க. கட்டுல இது முன்னால கெடந்தது. இங்க வந்து பின்னால போயி குந்தியிருக்குது."

எனக்குச் சுருக்கென்றது. காரணம் சந்தேகம் என்று நீங்கள் நினைத்தால் என்மேல் அதிக மதிப்பு வைத்திருக்கிறீர்கள். கோபம். என் அட்டை தொங்குகிற சுவருக்குக் கீழே நின்றுகொண்டு ஒருவர் வரிசை தப்பு என்கிறார்!

"அந்த அட்டையப் பாருங்கம்மா. மொதப் பக்கம், கடைசிப் பக்கம், மொத்தம். மூணும் பாக்காம இங்கருந்து ஒரு ஃபைலு வெளிய போவாது." சொல்லிக்கொண்டே ஃபைலைத் திறந்து திரையை அவர் பக்கம் திருப்பினேன். மனு. வரைபடம். தொண்ணூற்றாறு. "எல்லாம் சரியாத்தான இருக்குது?"

சின்னப்பொண்ணு திரையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எங்க ஊரு பஸ்ஸு போர்டுலயும் மொத ஊரு, கடைசி ஊரு ரெண்டும் சரியாத்தாம்மா எழுதியிருக்கும். நடுவுல எங்கெங்க சுத்துதுன்னு ஏறிக் குந்தினவளுக்குத்தான் தெரியும். நடுவுல காட்டு."

மேடம் போய் அம்மா வந்ததை நான் கவனித்தேன். நடுவைக் காட்டினேன். முதல் பக்கத்துக்கு அடுத்து, வேறு யாரோ பேசிக்கொண்டிருக்கும் ஒரு கடிதத்தின் நடுப்பகுதி வந்தது. அசல் கட்டை எடுத்து வைத்து ஒப்பிட்டேன். பென்சில் எண் பத்து. அதற்கடுத்தது பதினொன்று. பத்தொன்பது வரை ஒழுங்காகப் போய், பிறகு இரண்டு. பிறகு இருபது. சேசப்பா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

கம்ப்யூட்டர் அந்தப் பெயர்களை எண்களாகப் படிக்கவில்லை, எழுத்தெழுத்தாகப் படித்திருக்கிறது. அகராதியில் சொற்களை அடுக்குவது போல ஒன்றில் தொடங்குவதை எல்லாம் முதலில் நிறுத்தி, பிறகு இரண்டில் தொடங்குவதை நிறுத்தி, இப்படியே போய் எண்பத்தொன்பதுக்கும் தொண்ணூறுக்கும் நடுவில் ஒன்பதாம் பக்கத்தைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது. எண்பத்தொன்பது என்பது நிலத்தை அளந்தவர்கள் எழுதிய அறிக்கையின் கடைசிப் பக்கம். ஒன்பது என்பது பழைய நிராகரிப்பின் வால். அதன் தலையும் தேதியும் எட்டாம் பக்கத்தில் இருந்தன, எட்டு வேறெங்கோ கிடந்தது. தொண்ணூறு முதல் தொண்ணூற்றாறு வரை ரேஷன் கார்டு நகலும் வரைபடமும். ஆக, பென்சில் எண்ணும் ஸ்கேனில் விழாததால், மேலே படித்தவர் கண்ணுக்கு, நிலத்தை அளந்தார்கள், நிராகரித்தார்கள், முடிந்தது.

என் மூன்று தட்டு ஏன் பிடிக்கவில்லை தெரியுமா? அறுபது பக்கக் கட்டாக இருந்திருந்தால் கடைசியில் ஒன்பதாம் பக்கம் வந்து நின்றிருக்கும், பார்த்ததும் பிடித்திருப்பேன். தொண்ணூறிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை உள்ள கட்டுக்கு மட்டும், இந்தக் கோளாறான வரிசையிலும் முதலும் கடைசியும் சரியாகவே அமையும். அந்தப் பத்துக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, புது மெஷின் வந்த அன்றே, என்னிடமே அனுப்பியிருக்கிறார்கள். யார் என்று தெரியவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மணி ஒன்று ஐம்பது. மூன்று மணிக்குக் கையெழுத்து.

எங்கள் சிஸ்டம் ஆள் அன்று லீவு. அவர் பெயர் வேண்டாம், எழுதினால் கோபித்துக்கொள்வார். திருநாவலூர்க்காரர், என் வயதுதான், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். திருக்கோவிலூரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். அவரைக் கூப்பிடும் முன் நானே சரி செய்துவிடலாம் என்று கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறந்தேன். எண் வரிசைக்கு `sort -n` என்று எப்போதோ அவரே சொல்லிக் கேட்ட ஞாபகம். பெருமையாகத் தட்டினேன். அதே பழைய வரிசை வந்தது, ஒன்று, பத்து, பதினொன்று. இன்னொரு முறை தட்டினேன். கோபமாகத் தட்டினால் வேறு பதில் வரும் என்று நம்புகிறவர்கள் உலகத்தில் நான் மட்டும் இல்லை, லிப்ட் பட்டனை நீங்கள் அமுக்குவதைப் பார்த்திருக்கிறேன். பிறகு, எல்லாப் பெயரையும் 001, 002 என்று மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றி, கையாலேயே பெயர் மாற்ற ஆரம்பித்தேன். நாலு பெயர் மாற்றுவதற்குள் scan12 எங்கே, scan21 எங்கே என்று எனக்கே குழம்பியது. அப்போதுதான் ஃபோனை எடுத்தேன்.

"அக்கா, பாயசம் வர்ற நேரத்துல கூப்புடறீங்களே" என்றார். பின்னால் நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"மொதல்ல கீபோர்டுலருந்து கைய எடுங்க."

எடுத்தேன்.

"ஸ்கேன் பண்ண ஃபோல்டர அப்பிடியே ஒரு காப்பி எடுத்து வேற எடத்துல வைங்க. பேரு எதயும் மாத்தாதீங்க."

"நாலு மாத்திட்டேம்பா."

"சரி, அந்த நாலயும் பழயபடி ஆக்கிட்டுக் காப்பி எடுங்க. உங்க பேருங்க scan-னு எழுத்துல ஆரம்பிக்குது. மைனஸ் என்-னு சொன்னா அது பேரோட மொத எடத்துல எண்ணத் தேடும். அங்க எழுத்துதான் இருக்குது, அதனால எல்லாத்தயும் ஒரே மாதிரி நெனச்சுக்கும். மைனஸ் போட்டு பெரிய V போடுங்க. அப்ப பேருக்கு நடுவுல இருக்கற எண்ணயும் எண்ணாப் பாக்கும். பட்டியல் காட்டற `ls`-ல போட்டாக்கா சின்ன v."

"ஒண்ணுக்குப் பெருசு, ஒண்ணுக்குச் சின்னதா? எவன்யா இதச் செஞ்சவன்?"

"வந்து தேடிப் பாக்கலாம்க்கா. இப்ப சேக்காதீங்க, பட்டியல மட்டும் வரவைங்க. ஒண்ணுலருந்து கடைசி வரைக்கும் கண்ணால படிங்க. படிச்சப்பறம் சேருங்க."

`ls -v` தட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பதுக்கு அடுத்து பத்து. அதைப் பார்த்து நான் அடைந்த சந்தோஷத்தை என் பெண் பிளஸ் டூ பாஸான அன்றுகூட அடையவில்லை, இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். ஆனாலும் முழுப் பட்டியலையும் படித்தேன். நான் ஒவ்வொரு பக்கத்தையும் திறக்க, சின்னப்பொண்ணு கவுண்டருக்கு உள்ளே வந்து என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அசல் கட்டை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். அஞ்சாங்கிளாஸ் வரை படித்தவர். படிப்பைவிட, எந்தத் தாள் எந்த மழைக்கு வந்தது என்று அவருக்கு மனப்பாடம். "இது கடுக்கா பொறுக்கப் போவச்சொல்லோ வந்தது. இது மாடு செத்த வருசம். ஆங், இதான் பிசினு, இதோ உன் ஒம்போது." எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் சமர்த்தாக இருந்தது.

சேர்த்து முடித்தபோது மணி இரண்டு முப்பத்தைந்து.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். புது ஃபைலை மேலே ஏற்றினால் பழையது போய்விடும். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் கையெழுத்துக்குப் போகும் பட்டியல் வேறு தாள், அதில் சின்னப்பொண்ணுவின் பெயர் 'முடிக்கப்பட்டது' என்று ஏற்கெனவே ஏறியிருந்தது. ஃபைல் மாறியதால் அந்த வரி தானாக அழியாது. யாராவது படியேறிப் போய், ஏன் அழிக்க வேண்டும் என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் இந்த வேலையே நம் சென்டரை விட்டுப் போகலாம். முதலாளிக்கு ஃபோன் செய்து கேட்கலாம் என்று நினைத்தேன். அவர் என்ன சொல்வார் என்று தெரியும், அதனால் செய்யவில்லை.

புது ஃபைலை ஏற்றிவிட்டு, படியேறும்போதே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டேன்: சார், ஒரு சின்ன சிஸ்டம் எரர். உங்களுக்குத் தெரியாத வாக்கியமா? நம் தொழிலில் யாருக்கும் அடிபடாமல் எல்லோரும் தப்பிக்கிற வழி அது. சிஸ்டத்துக்குச் சம்பளமும் கிடையாது, வாயும் கிடையாது. பின்னாலேயே சின்னப்பொண்ணு மஞ்சள் பையோடு மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார்.

அதிகாரி சாப்பிட்டு முடித்து வந்து உட்கார்ந்திருந்தார். பட்டியல் மேஜையில் இருந்தது, பேனா மூடி கழற்றியிருந்தது.

"சார், ஒரு சின்ன…" என்று ஆரம்பித்தேன். சின்னப்பொண்ணு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சவில்லை. கறை பட்ட தாளை எனக்குக் காட்டியபோது எப்படிப் பார்த்தாரோ அப்படியே. சிஸ்டம் எரர் என்று சொன்னால் அதிகாரி 'சரி, பார்க்கலாம், அடுத்த வாரம் வாங்க' என்பார், இன்று கையெழுத்து போட்டுவிடுவார். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"சார், தப்பு என்னுது. இந்தம்மாவோட பக்கங்கள நான் வரிசை மாத்திச் சேத்து அனுப்பிட்டேன். நீங்க பாத்த தள்ளுபடி பழைய மனுவுக்கு வந்தது. அது ஒம்போதாம் பக்கம். ஆய்வு அறிக்கைக்கு அப்பறம் வந்து நின்னுடுச்சி. அசலு இதோ இருக்குது, சரியான ஃபைல இப்ப ஏத்தியிருக்கறேன்."

அவர் அசலைப் புரட்டினார். எட்டாம் பக்கத்தில் தேதியைப் பார்த்தார். மெதுவாக நிமிர்ந்தார்.

"ஒன்பதாம் பக்கம் எங்க வரணும்மா?"

"எட்டுக்கும் பத்துக்கும் நடுவுலங்க சார்."

"உறுதியாத் தெரியுமா?"

"இன்னைக்குத் தெரியுங்க சார்."

கிளார்க் தலையைக் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது. அதிகாரி சிரிக்கவில்லை. சிவப்பு மையில் பட்டியலில் ஒரு வரியை அடித்தார். "எழுத்து மூலமா ஒரு லெட்டர் குடுங்க. ஃபைலை நான் முழுசாப் படிக்கிறேன்" என்றார். அந்த 'முழுசா'வில் ஒரு பங்கு கிளார்க்குக்கும் போய்ச் சேர்ந்தது என்று நினைக்கிறேன்.

கீழே வந்தேன். உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். சின்னப்பொண்ணு தண்ணீர் பாட்டிலை நீட்டி, "நெலம் என்னுது, நீ ஏம்மா அழுவற?" என்றார். நாலு மணி பஸ்ஸுக்கு அவரை பஸ் ஸ்டாண்டு வரை என் ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வந்து மன்னிப்புக் கடிதம் எழுதினேன், முதலாளியிடம் வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டேன். வேலை போகவில்லை. அந்த மெஷினில் அதுவரை போன அத்தனை ஃபைலையும் மறுபடி திறந்து பார்த்தோம். சிஸ்டம் ஆள் வந்து, பூஜ்யம் போட்டுப் பெயர் வைக்கும்படி மெஷினில் மாற்றினார். வரும்போது எனக்கு ஒரு டப்பாவில் பாயசம் கொண்டுவந்தார், புளித்திருந்தது, குடித்தேன். மார்க்கரை எடுத்து அட்டையில் நான்காவது வரியை எழுதியது அன்றுதான்: 'நடுவில் காட்டு.' அச்சடித்துப் போடலாமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வேண்டாம். அது என் வரி இல்லை, அச்சில் வந்தால் என்னுடையது என்று நானே நம்ப ஆரம்பித்துவிடுவேன்.

ஆகவே பிள்ளைகளே, மூன்று இலக்கமாகப் பெயர் வையுங்கள், பட்டியலைப் படித்துவிட்டுச் சேருங்கள். தப்பு நடந்தால், யார் செய்தது என்று சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள். இதை நான் சொன்னால் கேட்க மாட்டீர்கள் என்று தெரியும், ஆகவே மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

பல மாதம் கழித்து, நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு, ஒருநாள் காலையில் மஞ்சள் பை கவுண்டரில் வந்து விழுந்தது. சின்னப்பொண்ணு. பைக்குள் பாலித்தீன் உறை, அதற்குள் துணி, துணிக்குள் ஒரே ஒரு தாள். பட்டா உத்தரவு. அவர் பெயர், அவர் நிலம், தேதி, முத்திரை, எல்லாம் இருந்தது. கறை எதுவும் இல்லை. என் கை சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

"இத்தயும் அந்தக் கட்டோட சேத்து ஏத்திக் குடும்மா" என்றார்.

வாங்கி, மூலையில் பென்சிலால் மெல்ல எண் போட்டேன். தொண்ணூற்றேழு. அவர் எட்டிப் பார்த்தார்.

"தொண்ணூத்தியேழா? நெசமா கடைசியில தான வரும்? ஒம்போதுகிட்ட போயி குந்திக்காதே?"

"குந்திக்காதும்மா" என்றேன்.

"காட்டு" என்று சொல்லி, கவுண்டருக்கு உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.